துண்டு விழுவது பிள்ளையால் அல்ல

வாசகர் கேள்வி: நாங்கள் புதுவண்ணாரப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு வயது 32, மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக, ஓவர்டைம் சேர்த்து மாதம் 21,000 ரூபாய் கைக்கு வருகிறது. நான் எம்.சி. ரோட்டில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், சம்பளம் 14,000. ஏழாம் மாதத்தோடு நின்றுவிட்டேன். மகளுக்கு இப்போது 14 மாதம். வாடகை 6,500, வீட்டுச் செலவு 8,700. பிள்ளைக்கு மட்டும் 4,800 ஆகிறது: பால் பவுடர் 1,600, டயப்பர் 1,800, டாக்டரும் மருந்தும் 900, மற்றவை 500. முதல் பிறந்தநாளை மண்டபம் எடுத்துச் செய்தோம். அதற்காக என் சங்கிலியை 60,000 ரூபாய்க்கு இரண்டு வட்டியில் அடகு வைத்தோம். பற்றாததற்குத் தண்டலில் 10,000 எழுதி 8,500 வாங்கி, நாளுக்கு 100 ரூபாய் வீதம் கட்டுகிறோம். இன்னும் 40 நாள் பாக்கி. மாதம் மூவாயிரத்துக்கு மேல் துண்டு விழுகிறது. ஒரு பிள்ளைக்கே இப்படி என்றால் எப்படி வளர்த்து ஆளாக்குவது? நாத்தனாரின் கணவர் மாதம் 2,500 ரூபாயில் குழந்தைப் பாலிசி போடச் சொல்கிறார். பக்கத்துப் பள்ளியில் எல்.கே.ஜி.க்கே 65,000 கேட்கிறார்கள். இப்போதே இடம் சொல்லி வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். நான் வேலைக்குத் திரும்பினால் காப்பகத்துக்கு 4,500 ஆகும். வியாசர்பாடியில் இருக்கும் என் அம்மாவிடம் விடலாம் என்றால் வீட்டில் யோசிக்கிறார்கள். என்ன செய்வது?

நிதி ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எதையும் ஒளிக்காமல் எண்களோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்த எண்களிலிருந்தே தொடங்குகிறேன். வாடகையும் வீட்டுச் செலவும் சேர்ந்து 15,200. மகளின் செலவு 4,800. ஆக மொத்தம் 20,000. கைக்கு வருவது 21,000. அதாவது, மகளுக்காக இப்போது செய்யும் செலவில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாலும், மாதக் கடைசியில் உங்கள் கையில் 1,000 ரூபாய் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சாமல் போனதற்குக் காரணம், அடகுக் கடைக்குப் போகும் 1,200 ரூபாய் வட்டியும் தண்டலுக்குப் போகும் 3,000 ரூபாயும்தான். இவ்விரண்டும் பிள்ளையை வளர்க்க வாங்கிய கடன்கள் அல்ல. ஒரு நாள் விழாவுக்காக வாங்கியவை. "ஒரு பிள்ளைக்கே இப்படி" என்று மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்குப்படி, உங்களைக் கடனாளி ஆக்கியது பிள்ளை அல்ல.

இதை உங்கள் மீது குற்றமாகச் சொல்லவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் முதல் பிறந்தநாள் என்பது எப்படி நடக்கிறது என்பதை நான் அறிவேன். தெருமுனையில் பேனர், மண்டபம், மூன்றடுக்குக் கேக், பிரியாணி, தாய்மாமன் சீர் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். செய்யாவிட்டால் இரு வீட்டாரிடமும் ஆண்டுக்கணக்கில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்றைத் தனியே கவனிக்க வேண்டும். விழாவில் வந்த மொய்யைப் பலரும் வரவாகக் கணக்கில் எழுதுகிறார்கள். மொய் வரவன்று, வரும் ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் திருப்பிச் செய்ய வேண்டிய பாக்கி அது. உங்கள் மொய் நோட்டை எடுத்து, அடுத்த ஓராண்டுக்குள் யார் யார் வீட்டில் என்ன விசேஷம் வரக்கூடும் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். வீட்டுச் செலவான 8,700 ரூபாய்க்குள் அதற்கு இடமில்லை என்பதால், அது வரும்போது மறுபடியும் தண்டல்காரர்தான் நினைவுக்கு வருவார்.

முதலில் தண்டல். 8,500 ரூபாய் வாங்கி 100 நாளில் 10,000 கட்டுவதை ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் நூற்றுக்கு ஏறக்குறைய 120 வட்டி ஆகிறது. தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது என்பது ஒரு புறம் இருக்கட்டும். நீங்கள் இன்று செய்ய வேண்டியது வேறு. மீதியை ஒரே தவணையில் அடைத்துவிடலாமா என்று தோன்றும். தண்டலில் முன்கூட்டியே அடைத்தாலும் பிடித்துக்கொண்ட 1,500 ரூபாயில் எதுவும் திரும்பி வருவது அரிது. ஆகவே இதற்காக வேறு கடன் வாங்காமல் 40 நாளையும் கட்டி முடியுங்கள். கவனமாக இருக்க வேண்டிய நேரம், பத்துப் பதினைந்து நாள் பாக்கி இருக்கும்போது வரும். "பாக்கியைக் கழித்துக்கொண்டு புதிதாகப் பத்தாயிரம் தருகிறேன்" என்று அவரே வாசலில் வந்து நிற்பார். வடசென்னையில் நான் கணக்குப் பார்த்த குடும்பங்களில் தண்டலிலிருந்து மீளாமல் போனவர்கள் பெரும்பாலும் முதல் கடனால் சிக்கியவர்கள் அல்லர். இப்படிப் புதுப்பித்த இரண்டாம், மூன்றாம் கடனால் சிக்கியவர்கள். அந்த நாளில் கணவர் வீட்டில் இல்லாவிட்டாலும், வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, சங்கிலி. இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 24. ஓராண்டுக்கு 14,400 ரூபாய் வட்டி கட்டிய பிறகும் அசலான 60,000 அப்படியே நிற்கும். அதே சங்கிலியை ஒரு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்தால் ஆண்டு வட்டி ஒன்பது, பத்து சதவீத அளவில் இருக்கும்; மாதம் 500 ரூபாயில் முடியும். இந்த மாற்றத்தில் உள்ள இடைஞ்சல், அடகுக் கடையிலிருந்து நகையை மீட்க முதலில் கையில் ரொக்கம் வேண்டும் என்பது. இதற்கு உறவினர் ஒருவரிடம் ஒரு நாளைக்கு மட்டும் பணம் கேட்பதில் தவறில்லை. அவரையும் உடன் அழைத்துச் சென்று, காலையில் நகையை மீட்டு, நேராக வங்கிக்குப் போய் வைத்து, வந்த தொகையை அங்கேயே அவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மீட்பதற்கு முன் அடகுச் சீட்டில் எழுதியிருக்கும் எடையையும் மீட்புக் கெடுவையும் படித்துப் பாருங்கள். கையில் வாங்கியதும் சங்கிலியை அங்கேயே எடை போடச் சொல்லுங்கள். வங்கியில் வைக்கும்போது, ஓராண்டு முடிவில் மொத்தமாக அடைக்கும் கடனைவிட, இடையிடையே சிறு தொகைகளாக அசலில் கட்டக்கூடிய கடனாகக் கேட்டு வாங்குங்கள். உங்களைப் போல மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பவர்களுக்கு அதுதான் தோது.

இனி மகளின் 4,800 ரூபாய்க்கு வருகிறேன். ஓராண்டு நிறைந்த குழந்தை வீட்டில் சமைப்பதைக் குழைத்துச் சாப்பிடலாம், சாதாரணப் பாலும் குடிக்கலாம் என்பதே பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் குழந்தைக்குத் தனிப்பட்ட காரணம் ஏதும் இருந்தாலொழிய, பதினான்காம் மாதத்திலும் பவுடர் டின் வாங்க வேண்டிய தேவை இருக்காது. நான் கணக்குப் பார்ப்பவன். ஆகவே நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அரை லிட்டர் ஆவின் பால் நாள்தோறும் வாங்கினாலும் மாதம் 700 ரூபாய்க்குள் அடங்கும். பகுதி அங்கன்வாடியில் மகளின் பெயரைப் பதிந்தால் சத்துமாவு இலவசமாகக் கிடைக்கும். இரண்டு வயதுக்கு மேல் அங்கேயே அனுப்பினால் மதிய உணவும் வாரத்தில் மூன்று முட்டையும் உண்டு. "சத்துமாவெல்லாம் யார் வாங்குவார்கள்" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்களே பெரிய கடையில் அதே போன்ற மாவை டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் பல நூறு ரூபாய்க்கு வாங்குகிறார்கள்.

டயப்பருக்கு 1,800 என்றால் நாளுக்கு நான்கைந்து மாற்றுகிறீர்கள் என்று பொருள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பகலெல்லாம் டயப்பரைக் கட்டி வைத்தால் புண்ணும் வரும், அதற்குக் களிம்பு வாங்கும் செலவும் வரும். பகலில் பருத்தித் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் மட்டும் டயப்பர் என்று மாறினால் 700 ரூபாயில் முடியும். துவைக்கும் வேலை கூடும் என்பது உண்மைதான். அந்த வேலையையும் வீட்டில் இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

டாக்டர், மருந்துச் செலவு 900 ரூபாய் என்ற வரிதான் என்னைச் சற்று வருத்தப்பட வைத்தது. உங்கள் கணவரின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதை நீங்கள் பயன்படுத்துவதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தும். தொழிலாளி 0.75 சதவீதமும் நிறுவனம் 3.25 சதவீதமும் செலுத்துகின்றன. 20,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு இது 150 ரூபாயும் 650 ரூபாயும். ஆக மாதம் 800 ரூபாய் உங்கள் குடும்பத்தின் மருத்துவத்துக்கென்று ஏற்கனவே கட்டப்பட்டு வருகிறது. அதைப் பயன்படுத்தாமல் அதற்கு மேலும் 900 ரூபாயை வெளியே கொடுக்கிறீர்கள். பல இளம் குடும்பங்களில் நடப்பது என்னவென்றால், கணவர் வேலையில் சேர்ந்தபோது தம் பெயரை மட்டும் பதிந்திருப்பார். திருமணத்துக்குப் பின் மனைவியையும், பிறந்த பின் குழந்தையையும் சேர்க்க யாருக்கும் நினைவிருக்காது. மகளின் பிறப்புச் சான்றிதழோடு நிறுவனத்தின் அலுவலகப் பிரிவிலோ இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ கேட்டுச் சேர்த்துவிடுங்கள். சளி, காய்ச்சலுக்கு அருகிலுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகம் போதும், பெரிய வைத்தியத்துக்கு அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், ஒரு வேளைப் பொழுது போகும் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் நாளைக்கே ஓர் அறுவை சிகிச்சை என்று வந்தால், உங்களை மறுபடியும் அடகுக் கடைப் படியேற விடாமல் காப்பது அந்த அட்டைதான்.

தடுப்பூசியையும் இதனோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் மாதத்திலிருந்து தட்டம்மை, ருபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும் போலியோ சொட்டு மருந்தும் வரும். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், பொதுவாகப் புதன்கிழமைகளில், இவை இலவசம். குழந்தைப் பருவத்தில் விலை மிகுந்த நிமோனியாத் தடுப்பூசியும் 2021 முதல் நாடெங்கும் அரசின் அட்டவணையில் இருக்கிறது. சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ வகை போன்ற சில ஊசிகள் மட்டும் அந்த அட்டவணையில் இல்லை. தேவை என்று மருத்துவர் சொன்னால் அவற்றுக்கு மட்டும் தனியாரிடம் செலவழியுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு நீங்கள் பதிந்திருந்தால், மொத்தம் 18,000 ரூபாயில் 14,000 ரொக்கமாகத் தவணைகளில் வரவேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய தவணை நின்றுபோயிருந்தால், பகுதி சுகாதார செவிலியரிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

இவ்வளவையும் செய்தால் மகளின் செலவு என்ன ஆகும் என்று பார்ப்போம். பால் 700, டயப்பர் 700, மருந்து 200, மற்றவை 500, ஆக 2,100. பழைய 4,800 ரூபாயில் 2,700 ரூபாயும் அடகு வட்டியில் 700 ரூபாயும் குறைகின்றன. 24,200 ஆக இருந்த மொத்தச் செலவு 20,800 ஆகிறது. நீங்கள் வேலைக்குப் போகும் முன்பே, தண்டல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, துண்டு விழுவது நின்றுவிடும். தண்டல் முடிந்ததும் மாதம் 3,200 ரூபாய் மிஞ்சத் தொடங்கும்.

வேலைக்குத் திரும்புவது பற்றி. காப்பகக் கட்டணம் 4,500 போனால் 14,000 ரூபாயில் என்ன மிஞ்சும் என்றுதான் உங்கள் வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது நேரக் கணக்கு. எம்.சி. ரோட்டுக் கடைகளில் பில் போடுபவர்கள் காலை பத்து மணிக்குப் போனால் இரவு ஒன்பது வரை இருக்க வேண்டியிருக்கும். காப்பகமோ ஆறு, ஏழு மணிக்குள் பிள்ளையை அழைத்துப் போகச் சொல்லும். ஓவர்டைமில் இருக்கும் கணவரால் அந்த நேரத்துக்கு வந்துசேர முடியாது. ஆகவே கட்டணம் எவ்வளவானாலும் இந்த வேலைக்குக் காப்பகம் ஒத்துவராது. உங்கள் அம்மாதான் ஒத்துவருவார். ஆனால் அதைச் சும்மா கேட்காதீர்கள். மாதம் 3,000 ரூபாயைத் தேதி தவறாமல் அவர் கையில் கொடுங்கள். "பேத்தியைப் பார்க்கக் காசா" என்று அவர் மறுப்பார், மறுத்தாலும் கொடுங்கள். பதினோரு மணி நேரம் ஒன்றேகால் வயதுப் பிள்ளையின் பின்னால் ஓடுவது உழைப்பு. ஊதியம் என்று ஒன்று இருந்தால்தான் இரண்டு வீட்டாரும் அதை உழைப்பாக மதிப்பார்கள். பிள்ளையைத் தாய்வீட்டில் விடுகிறாள் என்ற பேச்சுக்கும் அது ஓரளவு பதிலாகும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் வியாசர்பாடிக்குப் போய்வரச் செலவு ஆகாது.

அம்மாவுக்குக் கொடுப்பதும், வெளியே டீ, சாப்பாடு, உடுப்பு என்று ஒரு 1,000 ரூபாயும் போனால் 10,000 ரூபாய் வீட்டுக்கு வரும். மிஞ்சும் 3,200 ரூபாயும் சேர்ந்தால் 60,000 ரூபாய்க் கடனை ஐந்து மாதத்தில் அடைத்துச் சங்கிலியை மீட்கலாம். முழுநேரம் மனம் ஒப்பவில்லை என்றால், மாலை ஆறு மணி வரை மட்டும் வருகிறேன், சம்பளம் 9,000 போதும் என்று பழைய முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் விற்பனைக்கு முந்தைய வாரங்களில் பழகிய பில் ஆளைத் தேடி அலைவார்கள். பேரம் பேச அதுவே தருணம். பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை வீட்டிலேயே இருந்துவிடலாம் என்ற யோசனைக்கும் ஒரு விலை உண்டு. நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் வேலை தேடும் பெண்ணுக்கு விட்ட சம்பளத்திலிருந்து தொடங்க வாய்ப்புக் கிடைப்பது அரிது; புதிதாகச் சேர்பவரின் சம்பளம்தான் சொல்வார்கள்.

பாலிசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். 24 சதவீத வட்டிக்குக் கடன் இருக்கும் வீட்டில் மாதம் 2,500 ரூபாயை இருபது ஆண்டுக்குப் பூட்டி வைப்பது கணக்கில் சேராது. இடையில் கட்ட முடியாமல் நிறுத்தினால் போட்ட பணமும் முழுதாகத் திரும்பாது. காப்பீடு வேண்டியது சம்பாதிப்பவருக்கு, குழந்தைக்கு அல்ல. கணவர் கன்டெய்னர்களுக்கு நடுவே வேலை செய்கிறார். அவருக்கு வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் இரண்டு காப்பீடுகளையும் இந்த வாரமே தொடங்குங்கள்: ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதனோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அவருடைய பி.எஃப். கணக்கில் வாரிசுதாரராக உங்கள் பெயரும் மகள் பெயரும் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் எழுதிய பெயர்களே இன்னும் இருந்தால் பணம் பெற அலைய வேண்டியிருக்கும். கடன் அடைந்த பிறகு அவர் பெயரில் டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு) ஒன்று எடுக்கலாம். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. நாத்தனாரின் கணவரிடம் முகத்தை முறித்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த டேர்ம் பாலிசியை அவரிடமே எடுத்தால் போயிற்று.

மகளுக்கென்று சேமிக்க விரும்பினால் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். கடன் தீரும் வரை அவ்வளவே கட்டுங்கள். பின்னர் மாதம் 1,000 ஆக்கலாம். இப்போதைய 8.2 சதவீத வட்டி அப்படியே நீடித்தால், 15 ஆண்டு கட்டி 21ஆம் ஆண்டில் எடுக்கும்போது ஐந்தரை லட்சம் அளவில் வரும். அரசு இந்த வட்டியைக் காலாண்டுதோறும் மாற்றக்கூடும். இடையில் நினைத்தபோது எடுக்க முடியாது என்பதால், அதற்கு முன்பாக மூன்று மாதச் செலவான 60,000 ரூபாயை வங்கியிலோ அஞ்சலகத்திலோ தொடர் வைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

பள்ளிதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய கேள்வி. 65,000 ரூபாயை ஓராண்டுச் செலவாகப் பார்க்காதீர்கள். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 14 ஆண்டுகள். கட்டணம் ஆண்டுக்கு எட்டு சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் பதினைந்தரை லட்சத்தைத் தாண்டும். வேன், சீருடை, நோட்டுப் புத்தகம் எல்லாம் அதற்கு மேல். ஒருமுறை சேர்த்த பிறகு, பணமில்லை என்று ஐந்தாம் வகுப்பில் பிள்ளையை வெளியே எடுக்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. கடன் வாங்கியாவது கட்டுவார்கள். ஆகவே இந்த முடிவை மாமியாரின் அவசரத்துக்காகப் பதினான்காம் மாதத்தில் எடுக்க வேண்டாம். இடம் சொல்லி வைக்கவென்று முன்பணம் எதுவும் கட்டாதீர்கள்.

தனியார் பள்ளிதான் என்று முடிவானால், அந்தப் பள்ளிக்குக் கட்டண நிர்ணயக் குழு விதித்த தொகை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கினால் குழுவிடம் புகார் தரலாம். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கி வைத்திருந்தால்தான் அந்தப் புகார் நிற்கும். நன்கொடை என்று ரசீதில்லாமல் கேட்கும் பள்ளியைத் தவிர்ப்பது நலம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீடு வேறொரு வழி. வருமான அடிப்படையில் என்றால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குக் கீழ் இருக்க வேண்டும்; நீங்கள் அதைத் தாண்டுகிறீர்கள். ஆனால் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இன வகுப்பினர் சாதிச் சான்றிதழைக் கொண்டு வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்கு அந்த வருமான வரம்பு இல்லை. பள்ளி உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பெயர்பெற்ற பல பள்ளிகள் அந்த வகையைச் சேர்ந்தவை என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரைதான் இந்தச் சலுகை. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். 2025-26 கல்வியாண்டில் மத்திய அரசின் நிதி வராததால் இந்தச் சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. எனவே இதை மட்டுமே நம்பி இருந்துவிடவும் கூடாது.

மாநகராட்சிப் பள்ளியை உங்கள் கடிதம் ஒரு வார்த்தையில்கூடக் குறிப்பிடவில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் நடக்கின்றன, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கின்றன. எல்லா மாநகராட்சிப் பள்ளியும் ஒரே தரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தனியார் பள்ளிகளும் அப்படித்தான். அங்கே சேருங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. ஒரு வேலை நாளில், பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்பாகப் போய், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, இரண்டாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தைச் சரளமாக வாசிக்கிறதா என்று நேரில் பாருங்கள். அதே நான்கையும் 65,000 கேட்கும் பள்ளியிலும் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி தருகிறார்களா என்பதிலிருந்தே ஓரளவு தெரிந்துவிடும்.

எந்தப் பள்ளியானாலும் மூன்று வயது நிறைவதைப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டே கணக்கிடுவார்கள். மகளின் சான்றிதழில் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா, உங்கள் இருவர் பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து, பிழை இருந்தால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் போனால் கூட்டம் தாங்காது.